லாபு-லாபு சிலையைப் பார்க்க எளிய வழி

பிலிப்பைன்ஸின் செபுவுக்கு விமானத்தில் போகிறவர்கள், ஊருக்குள் நுழையும் முன்பே, மக்தான் தீவின் தலைவராக இருந்த லாபு-லாபுவின் சிலை நிற்கும் நினைவிடத்தைப் பார்த்துவிடுங்கள். விமான நிலையமும் நினைவிடமும் ஒரே மக்தான் தீவில்தான் இருக்கின்றன. செபு நகரமோ பாலத்துக்கு அந்தப் பக்கம். முதலில் நகரத்துக்குப் போய் அறை எடுத்துவிட்டால், இதற்காகவே நெரிசலில் பாலத்தைத் தாண்டித் திரும்பி வர வேண்டும், டாக்சிக் காசும் இரட்டிப்பாகும்.

மேப்பில் தேடும்போது 'மக்தான் ஷ்ரைன்' என்று போடுங்கள். வெறுமனே லாபு-லாபு சிலை என்றால் மணிலா ரிசால் பூங்காவில் இருக்கும் சிலையும் வரும். 1521 ஏப்ரல் 27 அன்று, ஸ்பெயினுக்காகக் கப்பலில் வந்த மாலுமி மெகல்லனின் படையை லாபு-லாபுவின் வீரர்கள் முறியடித்தது இந்த மக்தானில்தான், அதனால் பார்க்க வேண்டிய இடம் இதுவே. அதே வளாகத்தில் ஸ்பானியர்கள் 1866இல் மெகல்லனுக்கு எழுப்பிய தூணும் நிற்கிறது. அதையும் அவசியம் பாருங்கள்.

கப்பலில் வருகிறவர்களுக்கு இது ஒத்துவராது, துறைமுகம் நகரத்துப் பக்கம். இரவு விமானம், பெரிய பெட்டிகள் என்றால் ஊர் திரும்பும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 27 ஒட்டி விழாக் கூட்டம் இருக்கும், அப்போது நேரம் மிச்சமாகாது.