காலி மும்மொழிக் கல்லை நீங்களே வாசிக்க ஒரு வழிகாட்டி

கொழும்புக் கறுவாத்தோட்டத்தில் இருக்கும் தேசிய நூதனசாலைக்குப் போகிறவர்கள் காலி மும்மொழிக் கல்லின் முன்னால் ஒரு நிமிடம் நிற்பார்கள், விளக்கப் பலகையை வாசிப்பார்கள், அடுத்த கூடத்துக்குப் போய்விடுவார்கள். தமிழ் தெரிந்தவர் அப்படிப் போவது நட்டம். சீனப் பேரரசர் இலங்கைத் துறைமுகம் ஒன்றுக்குத் தமிழில் எழுதியனுப்பிய கல் அது. ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் தமிழ்ப் பகுதியில் கொஞ்சமாவது எழுத்துக்கூட்டிவிடலாம்.

போகுமுன் கல்வெட்டுப் பாடத்தைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பகுதியைத் தொல்லியலாளர் பரணவிதான பதிப்பித்திருக்கிறார்; பெரிய நூலகங்களில் ‘எபிகிராபியா செய்லானிக்கா’ என்ற இலங்கைக் கல்வெட்டு வரிசையின் மூன்றாம் தொகுதியைக் கேட்டால் கிடைக்கும். பாடம் இல்லாமல் வெறுங்கண்ணால் வாசிக்கப் போனால் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும். ஒரு கொப்பி, பென்சில், சின்ன டோர்ச் போதும். படம் எடுப்பதற்கும் டோர்ச் அடிப்பதற்கும் வாசலிலேயே அனுமதி கேட்டுவிடுங்கள். எழுத்துத் தெரியட்டும் என்று சோக்குக்கட்டியோ மாவோ தண்ணீரோ பூச நினைக்கவே வேண்டாம். கல்லைத் தொடவும் கூடாது.

முதலில் நாலடி தள்ளி நின்று முழுக் கல்லையும் பாருங்கள். உயரம் 4 அடி 9 அங்குலம், அகலம் 2 அடி 6 அங்குலம், தடிப்பு 5 அங்குலம். மேல் மூலைகள் வளைந்தவை. உச்சியில் இரண்டு டிராகன்கள் எதிரெதிரே. வலப்பக்கம் சீனம்; அதை மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாக வாசிப்பார்கள். இடப்பக்கத்தின் மேற்பாதி தமிழ், கீழ்ப்பாதி பாரசீகம். பாரசீகப் பகுதி மிகவும் தேய்ந்துவிட்டது, அதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். 1911 இல் காலியில் ஒரு மதகுக்கு மூடுகல்லாகக் கிடந்த இடத்திலிருந்து இதை எடுத்தார்கள். எழுத்துள்ள முகம் கீழே கவிழ்ந்து கிடந்ததால்தான் இவ்வளவாவது மிஞ்சியது.

இனி வெளிச்சம். நேராக அடித்த வெளிச்சத்தில் பள்ளத்துக்கும் மேட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பிளாஷ் போட்டு எடுத்த படம் வீணாவது இதனால்தான். டோர்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கல்முகத்தோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்தால் வெட்டுக்குள் நிழல் விழும், எழுத்து எழும்பும். ஒரே வரியை இடமிருந்து ஒரு தடவை, மேலிருந்து ஒரு தடவை ஒளி விழ எடுங்கள். இடமிருந்து வரும் ஒளியில் நெடுங்கோடுகளும், மேலிருந்து வரும் ஒளியில் கிடைக்கோடுகளும் துலங்கும். டோர்ச் அனுமதி கிடைக்காவிட்டால் ஒரு பக்கமாக நகர்ந்து நின்று சாய்வாக எடுங்கள். படத்தைப் பிறகு கறுப்புவெள்ளையாக்கி, நிறத்தைத் தலைகீழாக மாற்றிப் பார்த்தால் இன்னும் சில எழுத்துகள் பிடிபடும்.

எழுத்துக்கு வருவோம். பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இராது. ‘க’வா ‘க்’கா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் கிடையாது. எல்லோரும் தடுக்கி விழும் இடம் காலும் (‘ா’) ரகரமும்: இரண்டுக்கும் ஒரே வடிவம், ‘கா’ என்றும் ‘கர’ என்றும் வாசிக்க இடமுண்டு. சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. வரி முடிந்தால் சொல்லை நடுவில் வெட்டி அடுத்த வரிக்குக் கொண்டுபோவார்கள். வடசொற்களில் கிரந்த எழுத்துக் கலக்கும். ஆகவே முதல் எழுத்திலிருந்து வரிசையாகப் போகாமல், தெரிந்த சொல்லைத் தேடிப் பிடியுங்கள். இந்தக் கல்லில் நல்ல கொழுகொம்பு ‘தெனாவரை நாயனார்’ என்ற தெய்வத்தின் பெயர். தெனாவரை என்பது இலங்கையின் தென்முனையில் இருக்கும் இன்றைய தெவிநுவர. அதைக் கண்டுபிடித்தால் முன்னும் பின்னும் நகரலாம்.

மூன்று பகுதிகளும் ஒன்றுக்கொன்று மொழிபெயர்ப்பு என்று நினைப்பதுதான் பெரிய பிழை. சீனம் புத்தரை வணங்குகிறது, தமிழ் தெனாவரை நாயனாரை, பாரசீகம் இஸ்லாத்தை. காணிக்கைப் பட்டியல்தான் ஏறக்குறைய ஒன்று. நாயனார் விஷ்ணுவா சிவனா என்று இன்றும் சண்டை பிடிக்கிறார்கள். திருமால் என்பது பரணவிதானவின் கொள்கை. அந்தப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வழக்கைத் தீர்க்க முடியாது. தெனாவரையில் இருந்த அவருடைய கோயிலும் இன்று இல்லை, 1588 இல் போர்த்துக்கேயர் அழித்துவிட்டார்கள்.

பட்டியலைச் சரக்குச் சிட்டைபோல எடை போட்டுப் பாருங்கள். சீனப் பகுதியின்படி பொன் 1000 சியென், வெள்ளி 5000 சியென். சியென் என்பது சீன எடை; கல் பொறித்த மிங் அரசர்கள் காலத்தில் ஏறத்தாழ 3.7 கிராம், ஆக, பொன் 3.7 கிலோ, வெள்ளி 18.5 கிலோ. இரண்டு வகைப் பட்டில் வகைக்கு 50 சுருள், பொன்னிழை நெய்த கொடி 4 சோடி, பொற்றாமரை 6 சோடி, மெழுகுதிரி 10 சோடி. கண்ணை உறுத்துவது எண்ணெய்தான்: வாசனை எண்ணெய் 2500 சின். ஒரு சின் ஏறத்தாழ 600 கிராம் என்றால் ஒன்றரை தொன்! கையில் கொண்டுவந்து வைக்கும் காணிக்கை இல்லை இது, கப்பல் அறையில் ஏற்றும் சரக்கு.

தேதியிலும் சறுக்கலாம். கல் சொல்வது கல்லை அனுப்பிய சீனப் பேரரசர் யொங்லேயின் ஏழாம் ஆண்டு இரண்டாம் மாதம், அதாவது 1409 இன் தொடக்கம். அது சீனாவில் பொறித்த காலம். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோவின் கப்பல்கள் மூன்றாம் பயணத்தில்தான் அதை இங்கே கொண்டுவந்தன. “1409 இல் காலியில் நட்டார்கள்” என்று எழுதாதீர்கள். அதே பயணத்தில்தான் 1411 அளவில் இங்கே ஆட்சியைக் கையில் வைத்திருந்த அழகக்கோனாரோடு மோதி, அவரைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார்கள். வணக்கம் சொல்லும் கல்லும் சண்டையும் ஒரே கப்பலில் வந்தன என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏன் சிங்களம் இல்லை என்று கூட வருபவர் கட்டாயம் கேட்பார். கல் காரணம் சொல்லவில்லை. ஆனால் சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்திலேயே 1281 ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. சுமத்திராவின் பாரூசில் 1088 ஆம் ஆண்டின் தமிழ் வணிகர் கல்வெட்டு உண்டு. கடலோடிகளுக்கும் துறைமுகக் கணக்கர்களுக்கும் புழங்கிய மொழிகளைத்தான் தேர்ந்திருக்கிறார்கள் என்பது நியாயமான ஊகம்.

கை பழகியபின் அடுத்து எடுக்க வேண்டியது நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு. ஊறாத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் கலங்களுக்கான சட்டம் அது. யானை குதிரை ஏற்றிய கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. சரக்குக் கலம் உடைந்தால் செம்பாகம், அதாவது சரிபாதி. ‘பண்டாரம்’, ‘உடையவன்’ இரண்டும் அங்கே மாறி மாறி வருவதால், பாடத்தை மூடிவைத்துக்கொண்டு வாசித்துப் பழக அதைவிட நல்ல கல் கிடைக்காது.