தகடு வடிவ டைட்டானியா சாயத்தைப் பிடிக்க மறுத்தபோது

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலைக்கான சாயக்கழிவு நீரைத் தெளியவைக்க டைட்டானியம் டை ஆக்சைடு (டைட்டானியா) நானோ துகள்களைச் சோதித்துவருகிறேன். உருண்டைத் துகள்கள் ஆசிட் ஆரஞ்சு சாயத்தை அமில நீரில் நன்றாகப் பிடித்தன. தகடு வடிவத் துகள்களிடம் அது நடக்கவில்லை. மையவிலக்குக் குழாயின் அடியில் படிவு வெள்ளை வெளேரென்று கிடக்க, மேல்நீர் ஆரஞ்சாகவே நின்றது.

எக்ஸ் கதிர்ச் சோதனையில் இரண்டுமே டைட்டானியாவின் படிக வகைகளில் ஒன்றான அனட்டேஸ்தான். ஆனால் தகட்டின் எக்ஸ் கதிர் வரைபடத்தில் 004 முகடு அகன்றும் (அந்தத் திசையில் படிகம் மெல்லியது) 200 முகடு கூர்மையாகவும் (அந்தத் திசையில் அகன்றது) இருந்தன; இந்த எண்கள் படிகத்தின் தளங்களைக் குறிப்பவை. அதாவது, அதன் அகன்ற முகம் 001. அந்த முகத்தின் டைட்டானியம் அணுக்கள் அனைத்தும் ஐந்து ஆக்சிஜன்களோடு மட்டுமே பிணைந்தவை. 101 முகத்தில் பாதிதான் அப்படி. இவ்வளவு துடிப்பான முகத்தை வளர்க்க வழக்கமாக ஃப்ளூரைடு சேர்ப்பார்கள். அதுவே பிறகு பரப்பில் ஹைட்ராக்சில் (OH) தொகுதிகளின் இடத்தை அடைத்துக்கொள்கிறது. அமில நீரில் நேர்மின் ஏற்றுச் சாயத்தை இழுப்பவை அவைதான். எதிர்மின் சாயம் எங்கே ஒட்டும்?

துகள்களை 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் இரவு முழுவதும் கலக்கி, காரம் நீங்கும்வரை வாலைவடிநீரில் கழுவினேன். கிணற்று நீர் கூடாது. அதன் கால்சியம் பரப்பில் ஏறிவிடும். 600 டிகிரியில் சுட்டாலும் ஃப்ளூரைடு போகும், ஆனால் ஹைட்ராக்சிலும் குறையும் என்பதால் தவிர்த்தேன். அடுத்த சோதனையில் படிவே ஆரஞ்சாகியது.

படிகமாகாத டைட்டானியாவை நம்ப வேண்டாம். சாயத்தைப் பிடிக்கும், ஆனால் ஒளியில் சிதைக்காது; ஒளி உண்டாக்கும் மின்னூட்டங்கள் அதன் குறைபாடுகளில் இணைந்து வீணாகும்.

கழுவிய நீரில் ஃப்ளூரைடு இருக்கும். சுண்ணாம்பிட்டுப் படியவைத்த பிறகே அகற்றுங்கள்.