பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு: சிகிச்சையை எங்கிருந்து தொடங்குவது?

என் தங்கைக்கு என்ன நோய் என்று தெரிந்தபோது அவளுக்கு 23 வயது. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளும் எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர்கள் இருந்தன. ஒருவர் திமிர் என்றார், ஒருவர் பிடிவாதம் என்றார், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார் இன்னொருவர். நான் போனை எடுக்கப் பத்து நிமிடம் தாமதமானால் போதும், "நீயும் என்ன விட்டுப் போயிடுவ, அப்படித்தானக்கா?" என்று அழுவாள். ஒரு மணி நேரம் கழித்து எதுவும் நடக்காதது போல இருப்பாள். அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு எவ்வளவு வலித்தது என்பது எங்களுக்குப் புரியவே இல்லை.

அவளுக்கு இருந்தது பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு: உணர்ச்சிகள் சட்டென்று பொங்கி மாறும், கைவிடப்படுவோம் என்ற பயம் விடாது. பிபிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த நோய்க்கு எங்கே போவது, யாரைப் பார்ப்பது, என்ன கேட்பது என்று நாங்கள் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும்: இது குணமாகக்கூடிய நோய். அமெரிக்காவின் மக்லீன் மருத்துவமனையில் 290 நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பத்து ஆண்டுகளுக்குள் 93 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் தணிந்து, குறைந்தது இரண்டு ஆண்டுகள் அப்படியே இருந்தன. வேலை, உறவு என்று எல்லாவற்றிலும் நன்றாகத் தேறியவர்கள் பாதிப் பேர்தான். அதனால் பொறுமை வேண்டும். ஆனால் கைவிட வேண்டிய நோய் இல்லை.

படி 1: உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்று பாருங்கள்

தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ, சாக வேண்டும் என்ற பேச்சோ இப்போது இருந்தால் மற்ற படிகள் எல்லாம் அப்புறம். 14416 என்ற எண்ணை அழையுங்கள். இது மத்திய அரசின் டெலி மானஸ் சேவை. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். நிலைமை மோசமாக இருந்தால் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். கூடவே ஒருவர் இருக்க வேண்டும். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து தாமதிக்காதீர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதச் சொல்கிறது.

படி 2: இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோகும். அதனால் மனநிலை எப்போது மாறியது, அதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று தினமும் மூன்று நான்கு வரி எழுதி வையுங்கள். இதில் நேரக் கணக்குதான் முக்கியம். மனம் மிகை உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறிப் போகும் பைபோலார் நோயில் ஒரு மனநிலை நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீடிக்கும். பிபிடியில் பெரும்பாலும் மணிக்கணக்குதான். அதுவும் யாரோ சொன்ன ஒரு சொல்லில், பதில் வராத ஒரு மெசேஜில் தொடங்கும். என் தங்கைக்கு முதலில் பைபோலார் என்றே மருந்து கொடுத்தார்கள். எங்களிடம் இப்படி ஒரு நோட்டு இருந்திருந்தால் இரண்டு ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன்.

படி 3: மனநல மருத்துவரைப் பாருங்கள்

நோய் இன்னதென்று கண்டறிய ஒரு மனநல மருத்துவர் வேண்டும். பணம் இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. வேலூர் சிஎம்சியின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. மத்திய அரசின் மனநல மருத்துவமனையான பெங்களூரு நிம்ஹான்ஸுக்குத் தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களும் நிறைய.

டாக்டரிடம், "என்ன நோய் என்று எழுதுகிறீர்கள்?" என்று நேராகவே கேளுங்கள். சீட்டில் எஃப் 60.3 என்ற நோய்க் குறியீடோ, உணர்ச்சி நிலையற்ற ஆளுமைக் கோளாறு என்ற பொருளில் வேறு பெயரோ இருந்தால் குழம்ப வேண்டாம், அதுவும் இதே வகைதான். மருத்துவப் பதிவுகளைக் கேட்டு வாங்கும் உரிமையும் அந்த 2017 சட்டத்திலேயே இருக்கிறது. வாங்கி ஒரு ஃபைலில் போட்டு வைத்தால், டாக்டர் மாறும்போது கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் மாத்திரை. பிபிடிக்கென்றே அங்கீகாரம் பெற்ற மருந்து இதுவரை இல்லை. கூடவே இருக்கும் மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு மாத்திரை உதவும். அதனால் கொடுத்ததை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் மாத்திரை மட்டும்தான் சிகிச்சை என்று யாராவது சொன்னால், பேச்சு சிகிச்சைக்கு எங்கே போவது என்று கேட்காமல் எழுந்து வராதீர்கள்.

படி 4: தெரபிஸ்டைத் தேடுங்கள்

உண்மையான சிகிச்சை இங்கேதான் இருக்கிறது. இந்த நோய்க்கு அதிகம் ஆராயப்பட்ட முறை டிபிடி (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்ற பேச்சு சிகிச்சை. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கியது. 17 வயதில் மனநல மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தவர் அவர். அதை 2011இல்தான் வெளியே சொன்னார். தான் கிடந்த நரகத்திலிருந்து மற்றவர்களுக்கு வழி கண்டுபிடித்த அந்த மனுஷியை நினைத்தால் எனக்கு இன்றும் கண் கலங்கும்.

டிபிடியில் வாரம் ஒருமுறை தனியாகத் தெரபி, வாரம் ஒருமுறை குழு வகுப்பு, இடையில் தவித்தால் போனில் உதவி என்று பல பகுதிகள் உண்டு. வகுப்பில் நான்கு திறன்களைப் பழக்குவார்கள்: இந்த நொடியைக் கவனிப்பது, தாங்க முடியாத நேரத்தைக் கடப்பது, உணர்ச்சியைக் கையாள்வது, உறவில் கேட்கவும் மறுக்கவும் கற்பது. பொதுவாக ஓர் ஆண்டு ஆகும். லண்டனில் உருவான எம்பிடி என்ற பேச்சு சிகிச்சையும், ஸ்கீமா தெரபி என்ற இன்னொரு முறையும் பலன் தருகின்றன.

நம் ஊரில் கவுன்சலர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ள முடிகிறது. அதனால் மருத்துவ உளவியலாளருக்கு ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தப் பதிவேட்டை இணையத்திலும் தேடலாம். முதல் சந்திப்பில் இந்தக் கேள்விகளைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்:

- பிபிடி உள்ளவர்களுக்கு ஏற்கெனவே தெரபி கொடுத்திருக்கிறீர்களா? எந்த முறையில்?
- வாரம் ஒருமுறை, அதே நாள், அதே நேரம் முடியுமா?
- நெருக்கடி வந்தால் நடுவில் உங்களை அழைக்கலாமா?
- நீங்கள் விடுப்பில் போனால் என்ன ஏற்பாடு?

நல்ல தெரபிஸ்ட் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

முழு டிபிடி கிடைக்கவில்லை என்றால்? பெரும்பாலான ஊர்களில் கிடைக்காது. எங்களுக்கும் கிடைக்கவில்லை. வாரம் தவறாமல் வரும், அவளைக் கண்டு பயப்படாத, டிபிடித் திறன்களைப் படித்துச் சொல்லித்தரத் தயாராக இருந்த ஒரு தெரபிஸ்ட் கிடைத்தார். அது போதுமானதாக இருந்தது. பேர் பெற்றவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பதைவிட, வாராவாரம் உட்காரும் ஒருவரே மேல் என்பது என் உறுதியான எண்ணம். உள்ளூரில் யாரும் இல்லையென்றால் வீடியோ வழித் தெரபியும் நல்லதுதான். கதவைச் சாத்திப் பேச ஓர் அறை மட்டும் அவளுக்கு வேண்டும்.

செலவைப் பற்றியும் முதல் நாளே பேசுங்கள். ஓர் ஆண்டுக்குத் தாங்குமா என்று கணக்குப் பாருங்கள், கட்டணத்தைக் குறைத்துக் கேளுங்கள். மனநோய்க்கும் காப்பீடு உண்டு என்று சட்டம் சொன்னாலும், மருத்துவமனையில் சேராமல் பெறும் தெரபிக்குப் பல பாலிசிகள் பணம் தருவதில்லை.

படி 5: வீட்டில் இருப்பவர்களும் ஒன்றைக் கற்க வேண்டும்

"இதுக்குப் போயா இவ்வளவு?" என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் நிறுத்தினோம். அம்மாவுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. "உனக்கு ரொம்ப வலிக்குதுன்னு தெரியுது" என்று சொல்வது, அவள் செய்தது சரி என்று ஒப்புக்கொள்வதாகாது. அந்த வலி உண்மை என்று ஒப்புக்கொள்வது மட்டுமே. அப்படிச் சொன்ன நாள்களில் சண்டை சீக்கிரம் அடங்கியது.

படி 6: விட்டுவிடத் தோன்றும் வாரம்

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, "அவங்களுக்கு என்னப் பிடிக்கல, இனிமே போகமாட்டேன்" என்ற பேச்சு வரலாம். முதலில் தெய்வமாகத் தெரிந்த தெரபிஸ்ட் திடீரென்று கொடுமைக்காரராகத் தெரிவார். கைவிடப்படுவோம் என்ற பயம் அந்த அறைக்குள்ளும் வந்துவிட்டது, அவ்வளவுதான். (தெரபிஸ்ட் உண்மையிலேயே அவமதித்தால், வரம்பு மீறினால், கேள்வியே இல்லாமல் மாற்றிவிடுங்கள்.) மற்றபடி, நிறுத்துவதற்கு முன் ஒரே ஒருமுறை போய், "எனக்கு உங்களிடம் வரப் பிடிக்கவில்லை" என்பதையே அவரிடம் சொல்லச் சொல்லுங்கள். என் தங்கை அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனாள். தெரபிஸ்ட் அதை வாங்கிப் படித்துவிட்டு, "சரி, இன்னைக்கு இதப் பத்தியே பேசலாம்" என்றாராம். அடுத்த வாரமும் போனாள்.