வாழ்த்து அட்டை செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை அசோக் நகரில் எங்கள் குடியிருப்பின் மாடி அறையில் சனிக்கிழமை சாயங்காலம் சிலர் கூடி வாழ்த்து அட்டை செய்கிறோம். 2020 ஊரடங்கில் அவரவர் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது தனித்தனியாக ஆரம்பித்தவர்கள்தான் முதலில் ஒன்றுசேர்ந்தோம். அப்புறம் வந்தவர்களில் பலருக்கும் ஏதோ ஒரு கஷ்டம். வேலை போனவர் உண்டு, படுத்த படுக்கையாக மாமியாரை வைத்துக்கொண்டிருப்பவர் உண்டு. ஒரு மணி நேரமாவது கையும் மனசும் வேறு எதிலாவது இருக்கட்டும் என்று வருகிறார்கள். வந்தவுடன், நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே தப்புகளை, ஏறக்குறைய அதே வரிசையில் செய்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

கத்தரி மொக்கை, ஸ்கேல் நழுவியது, பசை விரலில் ஒட்டியது என்பதெல்லாம் இங்கே கிடையாது. அவை நாலு அட்டை செய்தால் தானாகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

தாளின் ஓட்டம் பார்க்காமல் மடிப்பது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

ஆலையில் செய்யும் தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில், மெஷினில் தாள் ஓடுகிற வாக்கில் படிந்திருக்கும். அச்சகத்தில் கிரெயின் என்பார்கள், எங்கள் அறையில் ஓட்டம் என்கிறோம். மூங்கிலை நீளவாக்கில் பிளந்தால் சுலபமாக வரும், குறுக்கே வெட்டினால் சிலும்பும் இல்லையா, தாளும் அப்படித்தான். ஓட்டத்தோடு மடித்தால் மடிப்பு நறுக்கென்று உட்காரும். குறுக்கே மடித்தால் நார் உடைந்து மேல்பரப்பு வெடிக்கும். 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) ஜெராக்ஸ் தாளில் இது கண்ணுக்கே தெரியாது. அதில் பழகிவிட்டு 250, 300 ஜிஎஸ்எம் அட்டைக்குப் போகும்போதுதான் மாட்டிக்கொள்கிறோம். மேல்பூச்சு உள்ள பளபள அட்டையாக இருந்தால் இன்னும் மோசம். அடர் நிறத்துக்கு நடுவில் மடிப்பு நெடுக வெள்ளைக் கோடு பல்லிளிக்கும்.

பெரம்பூரிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். வேலை போய் வீட்டில் இருந்த சமயம். நல்ல கை, கோலம் போட்டுப் பழகிய கை. தெரிந்தவர் ஒருவர் பொங்கலுக்கு நூறு அட்டை கேட்க, முன்பணமும் வாங்கிக்கொண்டார். பாரிமுனைக்குப் போய் ஆண்டர்சன் தெருவில் கரும்பச்சை பேர்ல் அட்டை, அதாவது முத்து மாதிரி மினுங்கும் அட்டை வாங்கி, கடையிலேயே கட்டிங்கும் போட்டு எடுத்துவந்தார். மடிக்க ஆரம்பித்தால் ஒன்று அழகாக மடிகிறது, அடுத்தது வெடிக்கிறது. மறுபடி ஒன்று நன்றாக வருகிறது, அதற்கடுத்த இரண்டு வெடிக்கின்றன. எல்லாமே வெடித்திருந்தால் அட்டை சரியில்லை என்று அவருக்கே தோன்றியிருக்கும். பாதி சரியாக வந்ததால் தன் கைதான் தப்பு என்று முடிவு கட்டிவிட்டார். அட்டைக் கட்டை என் முன்னால் வைத்து, "அக்கா, நான் எதைத் தொட்டாலும் இப்படித்தான் ஆகுது" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது அந்த வார்த்தையைக் கேட்டுத்தான். ஏற்கெனவே நொந்துபோயிருக்கிற ஒருவர், தாள் செய்த வேலைக்குத் தன் ராசியைக் குறை சொல்கிறார். நடந்தது ரொம்ப சாதாரணம். கட்டிங் போடுகிறவர் முழுத்தாளில் எத்தனை துண்டு தேறும் என்றுதான் பார்ப்பார். சிலவற்றை நீளவாக்கில் வெட்டுவார், ஓரத்தில் மிஞ்சும் பட்டையில் குறுக்குவாக்கில் இரண்டைத் தேற்றிவிடுவார். நமக்குத் தாள் வீணாகக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நாம் கேட்கவில்லை. வெட்டுவதற்கு முன்னால், "அண்ணே, மடிப்பு இந்தப் பக்கம் வரும், எல்லாத் துண்டுக்கும் ஓட்டம் இதோடவே வரணும், ரெண்டு பீஸ் குறைஞ்சாலும் பரவாயில்லை" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்களோடு தினமும் புழங்குகிற தெரு அது, சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

ஓட்டத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். தாளை மடிக்காமல் லேசாக வளைத்து உள்ளங்கையால் அமுக்கிப் பாருங்கள், முதலில் ஒரு வாக்கில், பிறகு மறு வாக்கில். எந்த வாக்கில் எதிர்ப்பு குறைவோ, மடிப்பு அந்த வாக்கில் வர வேண்டும். சந்தேகம் தீரவில்லையா, ஓரத்தில் சின்னத் துண்டு வெட்டி ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் தடவுங்கள். அது குழாய் மாதிரிச் சுருளும். குழாயின் நீளம் எந்தத் திசையோ அதுதான் ஓட்டம். கையில் எதுவுமே இல்லையென்றால் நாளிதழைக் கிழித்துப் பாருங்கள். மேலிருந்து கீழே நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும்.

ஏ4 அளவில் வெட்டி விற்கும் அட்டை வாங்குகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். அதில் பெரும்பாலும் ஓட்டம் நீளவாக்கில் இருக்கும். அதை அப்படியே பாதியாக மடித்தால் மடிப்பு ஓட்டத்துக்குக் குறுக்கே வருகிறது. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்வது இதைத்தான், அதுதான் பெரிதாக, கம்பீரமாகத் தெரிகிறது. அதற்குப் பதில் ஏ4-ஐ நடுவில் இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடித்தால் மடிப்பு ஓட்டத்தோடு விழும். அட்டை 105-க்கு 148 மில்லிமீட்டர், உள்ளங்கையில் அடங்கும். ஒரே தாளில் இரண்டு அட்டை. வாங்கும்போது வளைத்துப் பார்த்துவிடுவது நல்லது, விதிவிலக்கும் உண்டு.

ஓட்டம் சரியாக இருந்தாலும் கனமான அட்டையைக் கோடு அழுத்தாமல் மடிக்காதீர்கள். பிளேடால் லேசாகக் கீறி மடிக்கலாம் என்று வீடியோக்களில் சிலர் காட்டுகிறார்கள். அது அட்டையை அரைகுறையாக வெட்டுவது, நாலு தடவை திறந்து மூடினால் கையோடு வந்துவிடும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா போதும். கீழே நாலு மடிப்பு நாளிதழ் விரித்து, ஸ்டீல் ஸ்கேலை ஒட்டி அழுத்தி இழுங்கள். அழுத்திய பக்கம் பள்ளமும் மறுபக்கம் மேடும் வரும். மேடு மடிப்புக்குள்ளே போகும்படி மடிக்க வேண்டும். இதைச் சொன்னால் யாருமே முதலில் நம்புவதில்லை, பள்ளத்துக்குள் மடிப்பதுதான் இயல்பு என்று தோன்றும். ஒரே அட்டையில் இரண்டு விதமாகவும் மடித்துப் பாருங்கள்.

பெரம்பூர் அட்டைகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். வெடித்தவற்றை மடிப்பிலேயே வெட்டி ஒற்றை அட்டையாக்கினோம். பின்பக்கம் வெள்ளைத் தாள் ஒட்டி அதில் வாழ்த்து எழுதினார். கேட்டவர் அதையும் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டார். ஆனால் அந்தத் தாளும் பசையும் போக, அவருக்குக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

மழைக்காலத்தில் வெள்ளைப் பசை

கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் அட்டைகளைச் சென்னையில் எப்போது செய்கிறோம்? அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, சரியாக வடகிழக்குப் பருவமழையில். காற்றே ஈரம். அதில் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைத் தாராளமாகத் தடவினால் தாள் ஈரத்தைக் குடித்து ஊதும். ஊதுவது முக்கியமாக ஓட்டத்துக்குக் குறுக்குவாக்கில். மேலே ஒட்டுகிற தாளின் ஓட்டமும் கீழே இருக்கிற அட்டையின் ஓட்டமும் வேறு வேறு திசையில் இருந்தால் இரண்டும் இழுத்துக்கொண்டு அட்டை அப்பளமாக வளையும். மறுபடியும் அதே ஓட்டம், பாருங்கள்.

பழைய ஏடிஎம் கார்டால் பசையை மெல்லியதாக இழுங்கள். ஒட்டியபின் மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ராத்திரி முழுக்க விடுங்கள். ஹேர் டிரையர் வைத்துக் காய வைப்பவர்கள், வளைந்த அட்டையைப் பிறகு யாரிடமும் காட்டிக் கேட்க வேண்டாம். தாள் கட்டைத் தரையிலோ ஜன்னலோரமோ வைக்காமல் மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இருப்பவர்களுக்கு இது மழைக்காலத்துக்கு மட்டும் இல்லை.

கிளிட்டர்

ஆஸ்பத்திரிக்குப் போகும் அட்டையில் வேண்டவே வேண்டாம். உதிரும், போர்வையில் ஒட்டும், கண்ணில் படும். காய்ந்த பூவும் சென்ட்டும் அப்படித்தான். எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளிகள் இருக்கும் வார்டில் பூவை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், அட்டையில் ஒட்டியிருந்தாலும் பூ பூதான்.

எழுத்தைக் கடைசிக்கு வைப்பது

மூன்று மணி நேரம் அலங்காரம் செய்துவிட்டு, கடைசியில் "இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்" எழுத உட்கார்ந்தால் என்ன ஆகும்? "இனிய" ராஜா மாதிரி அகலமாக உட்கார்ந்திருக்கும், கடைசி "கள்" ஓரத்தில் நசுங்கித் தொங்கும். தமிழ் வாழ்த்துச் சொற்கள் நீளம். முதலில் ரஃப் தாளில் அதே அளவில் எழுதி, நீளத்தை அளந்து, பென்சிலால் குறித்துக்கொண்ட பிறகுதான் மற்ற வேலை. பேர்ல் அட்டையில் ஜெல் பேனா மை காய நேரம் பிடிக்கும், கை பட்டால் இழுத்துவிடும். உள்ளே வெள்ளைத் தாள் ஒட்டி அதில் எழுதுவது நிம்மதி.

எழுத்து என்றால் விஷயமும்தான். பூ, ரிப்பன், கட்டவுட் எல்லாம் தயாராக இருக்கும், உள்ளே என்ன எழுதுவது என்று யோசித்தே இருக்க மாட்டார்கள். கடைசியில் "விரைவில் குணமடைய வாழ்த்துகள்" என்று போட்டுவிடுவார்கள். குணமாகாது என்று தெரிந்த ஒருவருக்கு அது எப்படி இருக்கும்? எங்கள் அறையில் ஒருவர் தன் சித்தப்பாவுக்கு, சின்ன வயதில் அவர் சைக்கிள் பாரில் உட்காரவைத்து மெரினா கூட்டிப்போனதைப் பற்றி மட்டும் நாலு வரி எழுதினார். உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அட்டை சுமார்தான், ஓரம்கூட நேராக வெட்டவில்லை. நான் பார்த்ததிலேயே நல்ல அட்டை என்று அதைத்தான் சொல்வேன்.

துக்கத்துக்குக் கறுப்பு பார்டர்

கூடாது. இறப்புச் செய்தி வந்த கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடுவது நம் பக்கத்தில் பல வீடுகளில் வழக்கம், வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் அட்டையும் அதே தோற்றத்தில் போனால் அதே கதிதான். வெளிர் நிறம், ஒரு இலை, உங்கள் கையெழுத்து போதும். மஞ்சள், குங்குமம் போன்ற மங்கலக் குறிகளும் வேண்டாம். ஒருவர் இறந்துபோன உடனே அனுப்பாமல் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அனுப்புங்கள். வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப்போய் வீடு வெறிச்சென்று ஆகிற சமயம் அது.

கவரைப் பிறகு பார்த்துக்கொள்வது

பார்த்துக்கொள்ள முடியாது. முதலில் கவர், அப்புறம் அதற்குள் போகிற அட்டை. மேலே சொன்ன சின்ன அட்டைக்கு 114-க்கு 162 மில்லிமீட்டர் சி6 கவர் பொருந்தும். ஆசைப்பட்டுச் சதுரமாகவோ இதய வடிவத்திலோ செய்தால் கவரையும் நீங்களேதான் செய்ய வேண்டும்.

எடையும் பாருங்கள். சாதாரணத் தபாலில் முதல் எடை வரம்பு 20 கிராம். 300 ஜிஎஸ்எம் அட்டையில் முழு ஏ4-ஐ மடித்தால் அட்டை மட்டுமே 19 கிராம் அருகில் வந்துவிடும், கவர் சேர்ந்தால் தாண்டும். பாதி ஏ4 என்றால் 9 கிராம் சொச்சம், கவரும் ஒரு ரிப்பனும் தாராளமாக அடங்கும். குந்தன் கல், மணி, பட்டன் ஒட்டியவை தபாலில் போகவே வேண்டாம். முத்திரை குத்தும்போது கவர் கிழியும், கல்லும் உதிரும். அவற்றை நேரில் கொடுங்கள். ரிஜிஸ்டர் தபால் கேட்கிறவர்களுக்கு: அது 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது.

பழைய கல்யாணப் பத்திரிகையைத் தூக்கிப் போடுவது

கனமான அட்டை, காசில்லாமல். வளைத்துப் பார்க்க, கோடு அழுத்த, கிழித்துப் பழக அதைவிட நல்லது கிடைக்காது. சாமி படத்தை மட்டும் முன்கூட்டியே வெட்டி எடுத்து வைத்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பாரிமுனை

பெரும்பாலும் ஷட்டர்தான். சனிக்கிழமை காலையில் போங்கள்.

கட்டிங் மெஷின்

முதல் வருஷம் வாங்காதீர்கள். இரண்டாம் வருஷம் வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.