புல்டோக் குட்டி நொண்டியபோது நாங்கள் செய்தது

எங்கள் புல்டோக் குட்டி ஏழாம் மாதத்தில் ஒரு பின்னங்காலைத் தூக்கித் தூக்கி நடக்கத் தொடங்கினான், நாலு அடி நொண்டுவான், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல ஓடுவான். மிருக வைத்தியர் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, முழங்கால் சில்லு இடம் விலகுகிறது, இந்த இனத்தில் வழக்கம்தான், ஆரம்ப நிலை என்பதால் சத்திரசிகிச்சை இப்போதைக்குத் தேவையில்லை என்றார்.

முதல் வேலை எடை கூடாமல் பார்ப்பது. தடவினால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், அதுதான் அளவு. வழுக்குகிற டைல்ஸ் தரையில் றப்பர் விரிப்பு போட்டோம், கதிரையில் இருந்து குதிப்பதும் படியேறுவதும் நிறுத்தம். நடை மட்டும் உண்டு, அதுவும் வெயில் ஏறமுன் உப்புவெளிக் கரையின் ஈரமாக இறுகிய மணலில். காய்ந்த மணலில் கால் புதைந்தால் மூட்டு இன்னும் இழுபடும். கடலில் நீந்தவிடு என்று சொன்னவர்களும் உண்டு. புல்டோக் தலைப்பாரத்தில் தாழ்ந்துவிடும் ஐயா!

வலிக்கு நாம் போடும் பனடோல் மாத்திரையைக் கொடுக்கவே வேண்டாம், நாயின் ஈரலைக் கெடுக்கும். குட்டிகளுக்கான தீனியிலேயே போதிய கல்சியம் இருக்கிறது, அதற்கு மேல் மாத்திரை கொடுத்தால் வளரும் எலும்பு கெடும்.

இப்போது நொண்டல் அரிது. உங்கள் குட்டி காலை ஊன்றவே மறுத்தாலோ மூட்டு வீங்கினாலோ அன்றைக்கே காட்டுங்கள், முறிவாகவோ தசைநார் அறுந்ததாகவோ இருக்கலாம்.