ஊழியரின் மருத்துவச் சீட்டு உங்கள் கைக்கு வந்தால்

அமெரிக்காவில் முதன்முறையாக ஒரு குழுவுக்குப் பொறுப்பேற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் ஆள் ஒருவர் மூன்று வாரம் விடுப்பு. டாக்டர் கொடுத்த சீட்டு உங்கள் மின்னஞ்சலில் கிடக்கிறது. "அவருக்கு என்ன ஆச்சு?" என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

படி 1: எந்தச் சட்டம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எல்லோர் வாயிலும் வருவது 1996-இல் வந்த ஹிப்பா, அதாவது மருத்துவத் தகவல்களைக் காக்கும் சட்டம். ஆனால் அது கட்டிப்போடுவது மருத்துவமனை, டாக்டர், காப்பீட்டுத் திட்டம் போன்றோரைத்தான். வேலை கொடுப்பவர் என்ற முறையில் நிறுவனம் வைத்திருக்கும் பணிப் பதிவுகள் அதில் வராது. "அப்படியானால் சொல்லிவிடலாமே" என்று நினைத்துப் பலர் சறுக்குவது இங்கேதான். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு 1990-ஆம் ஆண்டின் ஏடிஏ, அதாவது உடற்குறை உள்ளவர்களுக்கான உரிமைச் சட்டம் உண்டு. நிறுவனம் கேட்டு வாங்கிய மருத்துவத் தகவலை ரகசியமாக வைக்கச் சொல்வது அதுதான். குடும்ப, மருத்துவ விடுப்புக்கான எஃப்எம்எல்ஏ சட்டமும் (1993) அந்த விடுப்புக்காகத் தரும் மருத்துவச் சான்றிதழ்களுக்கு அதையே சொல்கிறது.

தேநீர் நேரத்தில் அவராகவே சொன்ன விஷயத்துக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாமல் போகலாம். நான் அதையும் வெளியே விடுவதில்லை. நம்பித்தானே சொன்னார்!

படி 2: சீட்டை இடம் மாற்றுங்கள்

மனிதவளப் பிரிவுக்கு மட்டும் அனுப்புங்கள். அவர்கள் அதைச் சாதாரணப் பணிக் கோப்பில் சேர்க்காமல், தனியாக, பூட்டி வைக்க வேண்டும். அப்புறம் பொது நாட்காட்டியைப் பாருங்கள். "கீமோ, 2 மணி" என்று யாராவது குறித்திருந்தால் "விடுப்பு" என்று மாற்றச் சொல்லுங்கள்.

படி 3: யாருக்கு, எவ்வளவு?

மேற்பார்வையாளருக்கு வேலையில் உள்ள கட்டுப்பாடும், செய்துதர வேண்டிய வசதியும் தெரிந்தால் போதும். "20 பவுண்டுக்கு மேல் தூக்கக் கூடாது" என்பது கிடங்குப் பொறுப்பாளருக்குத் தேவை. முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது என்பது தேவையில்லை. அவசர சிகிச்சை தேவைப்படலாம் என்றால் முதலுதவி செய்பவர்களுக்குச் சொல்லலாம்.

படி 4: குழுவுக்கு எழுதுங்கள்

இவ்வளவுதான்: "அவர் 14-ஆம் தேதி வரை விடுப்பில் இருக்கிறார். அவருடைய பணிகளுக்கு என்னிடம் வாருங்கள்." "உடல்நலம் தேறி வரட்டும்" என்று பாசமாக ஒரு வரி சேர்க்கக் கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள்.

திரும்பி வந்தவருக்கு மட்டும் ஏன் தாமதமாக வர அனுமதி என்று ஒருவர் கேட்பார். "அது அவருக்குச் செய்து கொடுத்த வசதி" என்று சொல்வதே உடற்குறையைக் காட்டிக்கொடுத்துவிடும். "ஒருவருடைய விஷயத்தை இன்னொருவரிடம் நான் பேசுவதில்லை, உங்களுடையதும் அப்படித்தான்" என்று சொல்லுங்கள். கேட்டவரும் பெரும்பாலும் சரி என்று போய்விடுவார்.

படி 5: டாக்டரைக் கூப்பிடாதீர்கள்

எஃப்எம்எல்ஏ விடுப்பில், நேரடி மேலாளர் டாக்டரைத் தொடர்பு கொள்ளவே கூடாது. சந்தேகம் இருந்தால் மனிதவளப் பிரிவு பார்த்துக்கொள்ளும்.

ஏற்கெனவே வாய்விட்டுச் சொல்லிவிட்டீர்களா? நானும் ஒருமுறை குழு மின்னஞ்சலில் "அறுவை சிகிச்சை" என்ற சொல்லை எழுதிவிட்டேன். அவர் திரும்பி வந்த முதல் நாள், எதிர்ப்பட்ட ஒவ்வொருவருக்கும் வயிற்றைக் கைகாட்டிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மறைக்க முயலாமல் அன்றே மனிதவளப் பிரிவிடம் சொன்னேன். பிறகு அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். நீங்களும் அந்த வரிசையிலேயே செய்யுங்கள்.