உரிமைத் தொகையை வங்கி பிடித்துக்கொண்டால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய். முதல் மாதமே பலருக்குப் பணம் வந்த குறுஞ்செய்தி மட்டும்தான் மிஞ்சியது. மினிமம் பேலன்ஸ் இல்லை, பழைய பாக்கி இருக்கிறது என்று சொல்லி வங்கிகள் அந்தப் பணத்தைப் பிடித்துக்கொண்டன. அந்தத் தொகையைச் சேவைக் கட்டணத்துக்கோ கடனுக்கோ நேர்செய்யக் கூடாது என்று அப்போதைய தமிழக நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வங்கிகளை எச்சரித்தார்; பிடித்தம் நடந்தால் முதல்வரின் உதவி மைய எண் 1100-ல் புகார் செய்யலாம் என்றும் அறிவித்தார்.

அந்த அறிவிப்போடு பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. முதியோர் உதவித்தொகை, பிஎம் கிசான் தவணை, புதுமைப் பெண் மாணவிகளுக்கு வரும் ஆயிரம் ரூபாய் என எந்த அரசுப் பணமும் பாக்கியில் கிடக்கும் கணக்குக்குள் போனால் இதே ஆபத்து உண்டு. பணம் போனதைவிட, போன பிறகு நாம் செய்கிற சில காரியங்கள்தான் அடுத்த மாதத்தையும் அதற்கடுத்த மாதத்தையும் சேர்த்துக் கெடுக்கின்றன.

எதற்குப் பிடித்தார்கள் என்று தெரியாமலே கவுன்ட்டருக்குப் போவது

“பணத்தை எடுத்துட்டீங்க” என்று போய் நின்றால் “சிஸ்டம் எடுத்திருக்கும்மா” என்ற பதில்தான் வரும். அதோடு பேச்சு முடிந்துவிடும். முதல் வேலை பாஸ்புக்கில் என்ட்ரி போடுவது. இடம் தீர்ந்துபோயிருந்தால் கடைசி ஆறு மாத ஸ்டேட்மென்ட் கேளுங்கள். பிடித்தம் நடந்த வரிக்கு நேரே ஒரு சுருக்கக் குறிப்பு இருக்கும். அது புரியவில்லை என்றால் அங்கேயே கேட்டு, பக்கத்தில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை, அந்தச் சுருக்கங்கள் படித்தவர்களுக்கும் புரிவதில்லை.

பிடித்தம் பல வகைப்படும். ஒவ்வொன்றுக்கும் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

மினிமம் பேலன்ஸ் குறைந்ததற்கான அபராதம் ஒன்று. கடன் தவணையோ காப்பீட்டுத் தவணையோ தானாக எடுக்க வந்து, கணக்கில் பணம் இல்லாமல் திரும்பிப் போனால் போடும் கட்டணம் இன்னொன்று. இதுதான் மிகவும் கொடியது. ஒரு முறை திரும்பினாலே சில நூறு ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இரண்டு தடவை திரும்பினால் உரிமைத் தொகையில் கையில் சேர எதுவும் இல்லாமல் போகலாம். ஏடிஎம் கார்டின் ஆண்டுக் கட்டணம், குறுஞ்செய்திக் கட்டணம் போன்றவை சிறியவை. ஆனால் காலியான கணக்கில் அவையும் பாக்கியாக நிற்கும்.

மே கடைசியில் 436 ரூபாயும் 20 ரூபாயும் போயிருந்தால் அது அபராதம் இல்லை. பிரதமரின் ஆயுள் காப்பீடு, விபத்துக் காப்பீடு இரண்டுக்குமான ஆண்டுத் தவணை. கணக்குத் திறக்கும்போது நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். வேண்டாம் என்றால் எழுதிக் கொடுத்து நிறுத்தலாம். ஆனால் கணக்கு வைத்திருப்பவர் இறந்தால் அந்த 436 ரூபாய்க் காப்பீடு குடும்பத்துக்கு இரண்டு லட்சம் தரும். கோபத்தில் அதை முதலில் வெட்டிவிட வேண்டாம்.

இன்னொன்று ஜன்தன் ஓவர்டிராஃப்ட். ஜன்தன் கணக்கில் நிபந்தனைகளுக்கு உட்பட்டு 10,000 ரூபாய் வரை இருப்புக்கு மேல் எடுக்க வசதி உண்டு. 2,000 ரூபாய் வரை நிபந்தனையே கிடையாது. அது கடன் என்று சொல்லாமலே எடுத்துக் கொடுக்கிற முகவர்களும் இருக்கிறார்கள். எடுத்திருந்தால் கணக்கு மைனஸில் நிற்கும். அடுத்து வரும் எந்தப் பணமும் முதலில் அந்தப் பள்ளத்தை நிரப்பும். இது உண்மையான கடன் என்பதால் “திருப்பிக் கொடுங்கள்” என்பதைவிட “மாதம் இருநூறு, முந்நூறாகக் கட்டுகிறேன், மீதியை எடுக்க விடுங்கள்” என்று கேட்பதே பலிக்கும்.

“பேங்க்காரங்க எடுத்தா எடுத்ததுதான்” என்று திரும்பிவிடுவது

பெரும்பாலான பணம் இப்படித்தான் போகிறது. விதிகள் நம் பக்கம் இருக்கும் இடங்கள் உண்டு. அவை தெரியாததால் கேட்காமல் வந்துவிடுகிறோம்.

மினிமம் பேலன்ஸ் அபராதம் பற்றிய ரிசர்வ் வங்கியின் விதி 2015 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இருப்பு குறைந்தால் வங்கி முதலில் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். அபராதம் குறைந்த தொகைக்கு ஏற்ற அளவில்தான் இருக்க வேண்டும். முக்கியமாக, இந்த அபராதத்தால் மட்டுமே சேமிப்புக் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது. மைனஸ் காட்டாமல் பாக்கி என்று தனியே குறித்து வைத்து, அரசுப் பணம் வந்ததும் பிடிப்பது இதே விதியைக் கொல்லைப்புற வழியாக மீறுவது என்றே நான் கருதுகிறேன். மேனேஜரிடம் இதைத் தயங்காமல் கேளுங்கள்: “எனக்கு எந்தத் தேதியில் தகவல் அனுப்பினீர்கள்? ஒரு மாத அவகாசம் எப்போது முடிந்தது?”

இரண்டு ஆண்டு வரவு செலவு இல்லாமல் முடங்கிய கணக்குக்கு மினிமம் பேலன்ஸ் அபராதமே போடக் கூடாது. அதை மீண்டும் இயக்கத்துக்குக் கொண்டுவரவும் கட்டணம் கிடையாது. ஸ்டேட் வங்கி 2020-லும், கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் 2025-லும் சாதாரண சேமிப்புக் கணக்குகளுக்கு மினிமம் பேலன்ஸ் அபராதத்தையே எடுத்துவிட்டன. உங்கள் கணக்கு அங்கே இருந்தால், பழைய பாக்கி தானாக அழிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்ளாமல் கேட்டுத் தெளியுங்கள்.

கடன் பாக்கி என்றால் நிலைமை கொஞ்சம் கடினம். அதே வங்கியில், உங்கள் பெயரில், கெடு தாண்டிய கடன் இருந்தால் உங்கள் கணக்கிலிருந்து நேர்செய்யும் உரிமையை வங்கிகள் கோருகின்றன. கடன் ஒப்பந்தத்திலேயே அதற்கு ஒரு வரி இருக்கும். ஆனால் கடன் உங்களுடையதாக இருக்க வேண்டும். கணவர் தன் பெயரில் வாங்கிய கடனுக்கு, நீங்கள் கூட்டாகக் கையெழுத்துப் போடாமலும் ஜாமீன் நிற்காமலும் இருக்கும்போது, உங்கள் தனிக் கணக்கில் கைவைக்க வங்கிக்கு வழியில்லை. மகளிர் குழுக் கடனும் குழுவின் பெயரில் உள்ளது. அதற்காக உங்கள் தனிக் கணக்கில் பிடித்திருந்தால் “நான் எழுதிக் கொடுத்த சம்மதம் எங்கே, காட்டுங்கள்” என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரியாமல் எத்தனையோ பெண்கள் அடுத்தவர் கடனைத் தங்கள் உரிமைத் தொகையால் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது மனதை வருத்துகிறது.

வாய்வார்த்தையோடு நிறுத்திக்கொள்வது

மேனேஜர் நல்லவராகவே இருக்கலாம். “பாத்துக்கறேன்மா” என்று மனதாரச் சொல்லவும் சொல்லலாம். அடுத்த மாதம் அவருக்கு மாற்றல் வந்துவிட்டால் உங்களிடம் எந்தச் சான்றும் இருக்காது.

ஒரு பக்கக் கடிதம் போதும், தமிழிலேயே எழுதலாம். கணக்கு எண், பணம் வந்த தேதி, பிடித்த தேதி, பிடித்த தொகை. பிறகு இரண்டு கோரிக்கைகள்: “இது அரசு எனக்கு அளிக்கும் உதவித் தொகை. பிடித்ததைத் திரும்ப வரவு வைக்கவும். இனி வரும் உதவித் தொகையை எந்தப் பாக்கிக்கும் நேர்செய்யாமல் நான் எடுக்க அனுமதிக்கவும்.” பாஸ்புக் பக்கத்தின் நகலை இணையுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் தேதியோடு சீலும் கையெழுத்தும் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் அஞ்சலகம் போய் ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டு அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதே நாளில் 1100-க்கும் பேசி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடிதம் கொடுக்கும்போதே இன்னொன்றையும் கேட்கலாம். உங்கள் சேமிப்புக் கணக்கை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக, அதாவது ஜீரோ பேலன்ஸ் கணக்காக, மாற்றித் தரச் சொல்லுங்கள். எல்லா வங்கிகளும் இந்தக் கணக்கைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஏடிஎம் கார்டு இலவசம்; மாதத்துக்கு நான்கு முறை கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம். அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு மட்டும் வைத்திருக்கக் கூடாது.

புதுக் கணக்குத் திறந்துவிட்டு ஆதாரை மாற்றாமல் விடுவது

சிக்கலான கணக்கை விட்டு வேறு வங்கிக்குப் போவது நல்ல யோசனை. ஆனால் திறந்த மறுமாதமும் பணம் பழைய கணக்குக்கே போகிறது, அங்கே மறுபடியும் பிடிக்கப்படுகிறது. காரணம், ஆதார் வழியாக அனுப்பும் அரசுப் பணம் கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை. தேசியக் கொடுப்பனவுக் கழகம் வைத்திருக்கும் பட்டியலில் உங்கள் ஆதாருக்கு நேரே எந்த வங்கி இருக்கிறதோ அங்கேதான் போகும். உங்கள் ஆதார் எண் நான்கு வங்கிகளில் இருக்கலாம். அந்தப் பட்டியலில் இருப்பது ஒரே வங்கி, கடைசியாக இணைத்த வங்கி.

கணக்குத் திறக்கக் கைரேகை வைத்ததும் ஆதார் நகல் கொடுத்ததும் அடையாளத்துக்காக மட்டுமே. மானியம் வருவதற்கான இணைப்பு வேறு. அதற்குத் தனிச் சம்மதப் படிவம் உண்டு. புது வங்கியில் “அரசு மானியம் இந்தக் கணக்குக்கு வர ஆதாரை இணைக்க வேண்டும்” என்று தெளிவாகச் சொல்லி அந்தப் படிவத்தைக் கொடுங்கள். முந்தைய வங்கியின் பெயரைக் கேட்கும் இடத்தைக் காலியாக விடாதீர்கள். சில நாள் கழித்து, ஆதாரில் பதிந்த செல்பேசி எண்ணைக் கொண்டு ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பாருங்கள். சாதாரண பட்டன் போன் என்றால் *99*99*1# போட்டுப் பார்க்கலாம்.

எல்லாத் திட்டங்களும் ஆதார் வழியாகவே அனுப்பும் என்று சொல்ல முடியாது. விண்ணப்பத்தில் கொடுத்த கணக்கு எண்ணுக்கே நேராக வரும் பணமும் உண்டு. அதற்குச் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில், உதாரணமாக முதியோர் உதவித்தொகைக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில், கணக்கு மாற்றம் கேட்டு எழுதித் தர வேண்டும். இரண்டையும் செய்துவிடுவது பாதுகாப்பு.

எந்த வங்கி என்று யோசிப்பவர்களுக்கு: கடன் பாக்கி எதுவும் இல்லாத வங்கியாகப் பாருங்கள். வெளியே போக முடியாத பெரியவர்களுக்கு அஞ்சல் துறையின் பேமென்ட்ஸ் வங்கி வசதியானது. தபால்காரரே வீட்டுக்கு வந்து கைரேகை வாங்கித் திறந்து கொடுப்பார், மினிமம் பேலன்ஸ் கிடையாது. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு வேறு. அதில் 500 ரூபாய் இருக்க வேண்டும், குறைந்தால் ஆண்டுக்கொரு முறை பிடித்தம் உண்டு. புதுக் கணக்கில் முதல் தொகை வந்து சேரும்வரை பழைய கணக்கை மூட வேண்டாம். நடுவில் மூடினால் பணம் இரண்டு இடத்திலும் சேராமல் திரும்பிப்போகும்.

தவணை நாளையும் பணம் வரும் நாளையும் மோதவிடுவது

உதவித் தொகை வரும் கணக்கில் எந்தத் தானியங்கித் தவணையும் இருக்கக் கூடாது. செல்பேசிக் கடை, நுண்கடன் நிறுவனம், கடன் செயலி எல்லாம் முதலில் கேட்பது இந்தக் கணக்கு எண்ணைத்தான். ஏற்கெனவே கொடுத்திருந்தால் வங்கியில் எழுதிக் கொடுத்து அந்த அனுமதியைத் திரும்பப் பெறலாம். கூடவே கடன் கொடுத்தவரிடமும் சொல்லி, வேறு கணக்கோ நேரடியாகக் கட்டுவதோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அனுமதியை ரத்து செய்வதால் கடன் ரத்தாகாது. கட்டாமல் விட்டால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் விழும், வட்டியும் ஏறும்.

பணம் போன அந்த மாதத்தைச் சமாளிக்கத் தண்டல்காரரிடம் போவதும், செயலியில் உடனடிக் கடன் வாங்குவதும்தான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. ஆயிரம் எழுதித் தொள்ளாயிரம் கையில் கொடுக்கும் இடத்தில் அடுத்த உரிமைத் தொகையும் இப்போதே அடகு போகிறது. அரிசி ரேஷனில் இலவசமாக இருக்கிறது. மருந்துக்கு அரசு மருத்துவமனை இருக்கிறது. குழுவில் உள்கடன் கேளுங்கள், உறவில் கேளுங்கள். ஏற்கெனவே மீட்டர் வட்டியில் சிக்கியிருந்தால், அதைத் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003 முதல் இருக்கிறது. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

முப்பது நாளோடு மறந்துவிடுவது

வங்கிக்குக் கொடுத்த கடிதத்துக்கு முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். 14448-ல் பேசி விவரம் கேட்கலாம்; இணையத்திலும் தபாலிலும் புகார் அனுப்பலாம். அங்கே முதலில் கேட்பது வங்கிக்கு எப்போது எழுதினீர்கள் என்பதைத்தான். சீல் வாங்கிய அந்தப் பிரதியின் நகலையும், பிடித்தம் தெரியும் பாஸ்புக் பக்கத்தையும் புகாரோடு இணையுங்கள். மூலப் பிரதியை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.